திருப்பிப் போடும் கோலம்

ரத்தினம்மாள் செத்துப்போன அன்றைக்கு ஐப்பசி மழை வஞ்சனை இல்லாமல் கொட்டித் தீர்த்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் கால் வைக்கும்போதே முகம் சுளித்தார்கள். மழைக்காக இல்லை. நாலடிக்கு நாலடி செங்காவிக் கான்கிரீட், அதில் வெள்ளை சிமெண்டால் இழுத்த பதினைந்து புள்ளிச் சிக்குக் கோலம், சாவு வீட்டு வாசலில் பளிச்சென்று கிடந்தது. காலையிலேயே பெண்கள் நாலு சட்டி மணலைக் கொட்டி மூடித்தான் வைத்திருந்தார்கள். மழைக்கு அதெல்லாம் தெரியுமா? மணலைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுக் கோலத்தைக் கழுவி வைத்துவிட்டது. மறுபடி மணல் கொட்டினார்கள், மறுபடி கழுவியது. கடைசியில் ரத்தினம்மாளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோலத்தின் மேலேதான் நடந்து போனார்கள்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்தது. ஆரம்பித்தது மருதாயி. ரத்தினம்மாளின் அக்கா, வரதராஜன்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். தங்கச்சி போன துக்கத்தில் இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தவள், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்ததே தங்கச்சி புருஷன் சாமிதுரையிடம் இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது.

"தம்பி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. அந்தக் கோலத்த ஒடச்சுப் போட்டுடுங்க. கருமாதி வரைக்கும் அது அப்புடியே கெடக்கக் கூடாது. வூட்ல புள்ளத்தாச்சி இருக்கா."

புள்ளத்தாச்சி என்றது மருமகள் இலக்கியாவை. ஐந்து மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானவள். அவள் முந்தானையை எடுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த சாமிதுரையின் கண் வாசல் கோலத்துக்குப் போனது.

மகன் குருமூர்த்தி ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவன், எதற்கும் ஒரு நடுவழி வைத்திருப்பான். "ஒடைக்கல்லாம் வேணாம் பெரியம்மா. அது மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம். ஒரு நாள் வேலதான்."

"டைல்ஸா?" என்றார் சாமிதுரை. அறுபத்தொரு வயதில் அந்த மனிதர் அவ்வளவு பயந்து யாரும் பார்த்ததில்லை.

மற்றவர்களுக்கு அது சிமெண்ட். அவருக்கு அது பெண்டாட்டியின் கையெழுத்து. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் முப்பத்திரண்டு வாசலில் அவர் கோலம் பதித்திருக்கிறார். அதெல்லாம் ரத்தினம்மாள் சாக்பீஸில் வரைந்து கொடுக்க, அவர் கம்பியால் கீறியது. இந்த ஒன்றில் மட்டும்தான் ஈரக் கான்கிரீட்டில் அவளே கை வைத்து இழுத்தாள். உடைத்தால் போச்சு. மேலே டைல்ஸ் ஒட்டினாலும் போச்சு. அவள் கை ஓடிய வேறு தடயம் எதுவும் அந்த வீட்டில் இல்லை, ரேஷன் கார்டில் இருப்பது அவளுடைய பெருவிரல் ரேகை.

"ஒரு நாள் டயம் குடுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய் வாசல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சாமிதுரை கொத்தனார். அரியலூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு சிமெண்ட் என்ன புதுசா? ரோட்டில் போகும் லாரி பாதி, அது கிளப்பும் தூசி மீதி. கரண்டி பிடிக்காதவனுக்குக்கூடக் கலவையைப் பற்றி நாலு வார்த்தை பேசத் தெரியும். ஆனால் நாற்பது வயதில் அவர் மஸ்கட்டுக்குப் போய்க் கற்றுக்கொண்டது வேறு வித்தை. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே கலர்ப் பொடியைத் தூவி, மேலே ரப்பர் அச்சை வைத்து மிதித்தால், காய்ந்ததும் கருங்கல் பாவினதைப் போல ஆகிவிடும். மரம் வேண்டுமென்றால் மரப்பலகை, செங்கல் வேண்டுமென்றால் செங்கல். அங்கே பங்களா வைத்திருக்கிறவர்கள் கார் நிறுத்தும் இடத்துக்கெல்லாம் இதைத்தான் போட்டார்கள். பதினோரு வருஷம் யார் யார் வீட்டு வாசலையோ மிதித்து மிதித்து அழகு பண்ணினார்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் பண்ணுவார். என்ன சமைச்சே, மாடு கன்னு போட்டுச்சா, குரு படிக்கிறானா என்று கேட்டு முடித்ததும் பேச ஒன்றும் இருக்காது. பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் போனை வைக்க மனசு வராது. அப்போது கேட்பார், "இன்னிக்கு என்ன கோலம் புள்ள போட்ட?" ரத்தினம்மாள் சொல்வாள். பதினொண்ணு புள்ளி, ஊடு புள்ளி ஆறு, நாலு பக்கமும் சங்கு. அவருக்கு ஒரு மண்ணும் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஊர் திரும்பியபோது சொந்தக்காரர்கள் சென்ட் பாட்டிலும் கம்பளிப் போர்வையும் வருமென்று காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால் ரப்பர் அச்சு நாலு. மருதாயி அப்போதே மூக்கில் விரலை வைத்தாள். வந்த பத்தாம் நாள் சாமிதுரை சொந்த வாசலில் வேலையை ஆரம்பித்துவிட்டார். மஸ்கட் பங்களா மாதிரியே சாம்பல் நிறக் கருங்கல் டிசைன், மேலே பளபளவென்று மெருகெண்ணெய். தெருவே வந்து நின்று பார்த்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில்தான் வினை. ரத்தினம்மாள் வாசல் தெளித்துவிட்டுக் கோலமாவை எடுத்தாள். மாவு மெருகில் நிற்காமல் வழுக்கியது, நின்ற மாவும் கல் டிசைன் பள்ளத்துக்குள் போய் விழுந்தது. மூன்று தரம் போட்டாள், மூன்று தரமும் அழித்தாள். நாலாம் தரம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே தார் ரோட்டுக்குப் போய், ஓரமாக ஒரு கோலத்தைப் போட்டுவிட்டு வந்தாள். அது முடிந்து அரைமணி நேரத்துக்குள் ஒரு சிமெண்ட் லாரி அதன் மேல் ஏறிப் போனது.

"என்னா புள்ள, இம்புட்டு அழகா வாசல் போட்டுக் குடுத்திருக்கேன், ரோட்ல போயி கோலம் போடுற? ஊரு என்னா நெனைக்கும்?"

"நீங்க போட்டது வாசலா? பதினோரு வருசமா இந்த வூட்ல எனக்குன்னு இருந்தது அந்த மண்ணுதாங்க. அதையும் எடுத்துட்டு கல்லக் கொண்டாந்து போட்டுட்டீங்க. நல்லா இருக்கு, போங்க."

அவள் கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பார். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதனால் ராத்திரி பகலாக அது மனசை அரித்தது. ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா, செய்ததைத் தப்பென்று ஒத்துக்கொள்ள இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமும் அவள் தார் ரோட்டில்தான் கோலம் போட்டாள். லாரிக்காரர்களில் இரண்டு பேர் அந்த இடத்தில் வண்டியைக் கொஞ்சம் ஒடித்து ஓட்டப் பழகிக்கொண்டார்களாம், அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு அவளுக்கு முழங்கால் வீங்கியது. குந்தி உட்காரவே கூடாது என்று அரியலூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாள். அன்று சாயங்காலம் சாமிதுரை யாரிடமும் சொல்லாமல் சம்மட்டியை எடுத்து, மஸ்கட் வாசலை உடைத்து அள்ளினார். கீழே இருந்த செம்மண்ணை வெட்டிச் சமப்படுத்தித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினார். மறுநாள் காலை கலவையைக் கொட்டி, செங்காவிப் பொடி தூவி, மட்டப்பலகையால் இழுத்து விட்டு, விரல் வைத்தால் பதியும், ஆனால் ஒட்டாது என்கிற பதம் வரும்வரை காத்திருந்தார். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி, குறுக்கே சாரப்பலகை போட்டு, அதன் மேல் முக்காலியை வைத்தார். சைக்கிள் சக்கரத்துப் போக்ஸ் கம்பி ஒன்றை அவள் கையில் கொடுத்தார்.

"போடு புள்ள. இது அழியாது. இனிமே நீ குனியவே வேணாம்."

அவள் அவரைப் பார்த்த பார்வையைச் சாமிதுரை யாரிடமும் சொன்னதில்லை. கம்பியை வாங்கி, பதினைந்து புள்ளி வைத்து, எடுத்த கையை எங்கேயும் நிறுத்தாமல் ஒரே இழையாக இழுத்து முடித்தாள். அவர் பின்னாலேயே கீறலை ஆழப்படுத்தி, காய்ந்ததும் வெள்ளை சிமெண்டைத் திணித்துத் தேய்த்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த எட்டு வருஷத்தை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு நிறைந்து போகும். கல்யாணமான புதுசில் வேலை, பிள்ளை, கடன் என்று ஓடியாயிற்று. நடுவில் பதினோரு வருஷம் கடலுக்கு அந்தப் பக்கம். சேர்ந்து வாழ்ந்தது என்று சொன்னால் ஐம்பது வயதுக்கு மேல்தான். கோலத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், அப்புறம் அரியலூர் டவுனில் ஒருவர், அப்புறம் பெரம்பலூர். பக்கத்து வேலை என்றால் டிவிஎஸ் வண்டி, தூரம் என்றால் பஸ். வண்டியில் முன்னால் சிமெண்ட் சட்டி, பின்னால் ரத்தினம்மாள், அவள் மடியில் சோற்றுத் தூக்கு. போகிற வீட்டில் அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுவிடுவார்கள். நீளக் குச்சியின் நுனியில் சாக்பீஸைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைவாள். "அங்க வளைவு பத்தலங்க", "ரெண்டு இழைக்கும் நடுவுல ஒரு வெரக்கட வுடுங்க" என்று அதிகாரம் தூள் பறக்கும். மஸ்கட்டில் எந்த சூப்பர்வைசருக்கும் பணியாத மனிதர் தலையை ஆட்டிக்கொண்டு கீறுவார். மத்தியானம் எங்காவது வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஒருத்தர் வேலையை ஒருத்தர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதைவிட என்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு?

லப்பைக்குடிக்காட்டில் ஜமால் முகமது என்பவர் வீட்டுக்குப் போனது ஒரு கூத்து. துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து வீடு கட்டியவர், பெரம்பலூரில் யார் வீட்டிலோ வேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார். அங்கே போன பிறகுதான் ரத்தினம்மாளுக்கு உறைத்தது. "ஏங்க, பாய் வூட்டு வாசல்ல கோலமா?" என்று இவர் காதைக் கடித்தாள். அது ஜமால் முகமதுவின் மனைவி நஃபீசா காதில் விழுந்துவிட்டது.

"கோலம் வேணாம்மா, ஒரு கொடி வரைஞ்சு குடுங்க. ஊர்ல எங்க வாப்பா வூட்டுக் கொல்லையில மல்லிக் கொடி ஒண்ணு படர்ந்து கெடக்கும். இன்ஷா அல்லாஹ், அது மாதிரி வந்தாப் போதும்" என்றாள் நஃபீசா.

ரத்தினம்மாள் வாசலிலிருந்து கிணற்றடி வரைக்கும் ஒரு மல்லிக் கொடியை ஓடவிட்டாள். சாமிதுரைக்கு இலை கீறியே இடுப்பு ஒடிந்தது. திரும்பும்போது நஃபீசா நெய்ச்சோறு கட்டிக் கொடுத்தாள், அதைப் பஸ்ஸிலேயே பிரித்துச் சாப்பிட்டார்கள்.

இப்படி வாயெல்லாம் பல்லாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் செட்டிகுளத்திலிருந்து போன் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோலம் பதித்த வீடு. பிச்சைமுத்து என்கிற அந்த வீட்டுக்காரரின் அப்பா தவறிவிட்டார். போனில் பிச்சைமுத்து அழவில்லை, கத்தினார். "சாவு வூட்ல கோலம் கெடக்குதுன்னு சனம் எல்லாம் காறித் துப்புதுங்க. வந்து அழிச்சுட்டுப் போங்க!"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோலம் என்றால் அழிவது. அழிய வேண்டிய நாளில் அழிந்தே ஆக வேண்டியது. அழியாது, அழியாது என்று சொல்லியே வாசல் வாசலாகப் பதித்துவிட்டு வந்திருக்கிறார்கள், இந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கோலம் போட்டவளுக்கும் தோன்றவில்லை, பிறந்ததிலிருந்து அதைத் தாண்டிப் போனவருக்கும் தோன்றவில்லை.

பெரம்பலூரில் பஸ் மாறி ஓடினார்கள். ரத்தினம்மாள் முழங்கால் வலியோடு நின்றுகொண்டு மண்ணை அள்ளிப் போடச் சொல்லி, சாணியைக் கரைத்து மேலே மெழுகச் சொல்லி, ஒருவழியாக மூடினாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்.

"இனிமே நாலு கல்லா ஊத்துங்க. ரெண்டடிக்கு ரெண்டடி. அடியில மணலப் போட்டு சும்மா பதிச்சு வையுங்க. கெட்டது நடந்தா திருப்பிப் போட்டுக்கட்டும். பதினாறு முடிஞ்சதும் நிமுத்தி வச்சுக்கட்டும்."

சாமிதுரை அசந்துபோனார். பதினோரு வருஷம் வெளிநாட்டில் இருந்தவருக்கு வராத யோசனை. அன்றிலிருந்து எல்லா வாசலும் நாலு கல்தான். செட்டிகுளத்துக்கும் போய் அறுத்து மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்களிடம் திருப்பிப் போடும் விவரத்தை ரத்தினம்மாள் சொல்லாமல் வரமாட்டாள். இவருக்குச் சங்கடமாக இருக்கும்.

"புது வூடு கட்டுறவங்ககிட்ட இதப் போயி சொல்றியே புள்ள."

"ஏன், அவங்க வூட்டுக்கு மட்டும் எமன் வழி தெரியாம நிப்பானா?"

எல்லா வீட்டுக்கும் சொன்னாள். சொந்த வீட்டு வாசல் மட்டும் ஒரே கல்லாகவே கிடந்தது. அறுக்கலாம் அறுக்கலாம் என்று பேசுவார்கள். சாமிதுரை மெஷினை எடுப்பார், எங்கே வைத்து அறுத்தாலும் அவள் இழை வெட்டுப்படும், மெஷினை வைத்துவிடுவார். அவளும் "அப்புறம் பாத்துக்கலாம் வுடுங்க" என்பாள். அப்புறம் என்று ஒன்று வரவே இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றவள் அரியலூர் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே போய்விட்டாள்.

நாலாம் நாள் காலை மழை வெறித்திருந்தது. சாமிதுரை அறுக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். ராத்திரி முழுக்கக் குழம்பியதில் அவருக்கு ஒன்று மட்டும் தெளிவாகியிருந்தது. ஊரில் அத்தனை வீட்டுக்கு அவள் வாயால் சொன்ன ஞாயம் அவள் வீட்டுக்கு மட்டும் இல்லை என்று ஆகக் கூடாது. உடைக்கமாட்டார். டைல்ஸும் ஒட்டமாட்டார். நாலாக அறுத்துத் திருப்பிப் போடுவார், கருமாதி முடிந்ததும் நிமிர்த்துவார். வெட்டுப்பட்ட இழை வெட்டுப்பட்டதுதான். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டியது அவர் பாடு.

"இப்படித்தாங்க்கா செய்யப் போறேன்" என்று மருதாயியிடம் சொன்னார். அவள் சரியென்று தலையை ஆட்டினாள்.

மெஷினை ஓட்டினார். செங்காவித் தூசி முகமெல்லாம் அப்பியது. அவள் போட்ட இழையின் மேல் பிளேடு ஏறும் ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மேலோட்டமாக அறுத்து, மீதியை உளி வைத்துத் தட்ட, கல் நாலாகப் பிளந்தது. குருமூர்த்தி கடப்பாறையை விட்டு நெம்பினான். அப்பனும் மகனுமாக முதல் கல்லைப் பிடித்துக் கவிழ்த்தார்கள். அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் ஒட்டியிருந்தது. அடுத்து இரண்டாவது, மூன்றாவது, நாலாவது.

"மண்ணக் கழுவி வுடுப்பா" என்றார் சாமிதுரை. குருமூர்த்தி ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் தென்னந் துடைப்பத்தால் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டான்.

"அப்பா. இங்க பாருங்க."

கல்லின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சாமிதுரை குனிந்து கையால் மண்ணை வழித்தார். ஒரு புள்ளி. அதைச் சுற்றி ஒரு வளைவு. பக்கத்தில் இன்னொரு புள்ளி. சில இடத்தில் கலைந்தும் சில இடத்தில் அறுந்தும் கிடந்தாலும், அது கோலமாவு, கான்கிரீட்டின் அடிவயிற்றில் ஒட்டிக் கல்லோடு கல்லாக இறுகிப் போயிருந்தது.

எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தக் காலை அவருக்கு அப்படியே திரும்பி வந்தது. மஸ்கட் வாசலை உடைத்துச் செம்மண்ணைச் சமப்படுத்திய மறுநாள், கலவை போட ஆளை அழைத்துக்கொண்டு அவர் வருகிறார். ரத்தினம்மாள் வாசலில் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் கூடாது என்ற முழங்காலை மடக்கிக்கொண்டு, புது மண்ணில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அடியே, இன்னும் அரைமணி நேரத்துல அது மேல கலவையக் கொட்டப் போறேன். இப்ப எதுக்கு இது?"

"ரெண்டு வருசம் கழிச்சு எம் மண்ணு எனக்குக் கெடச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாளாச்சும் போட்டுக்கறேனே."

அவர் கலவை பதம் போய்விடும் என்ற அவசரத்தில் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவள் எழுந்து நகர்ந்ததும் முதல் சட்டியைக் கொட்டச் சொன்னார். மறந்தும் போய்விட்டார். குனிந்து, வலியோடு, தன் கையால் மண்ணில் அவள் போட்ட கடைசிக் கோலம் அது.

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து அழுதார். இடுகாட்டில் அழாதவர், பால் தெளிக்கும்போது அழாதவர், குழந்தையைப் போல வாய்விட்டு அழுதார். இலக்கியா கையில் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள், கல்லைப் பார்த்ததும் அவளும் நின்றுவிட்டாள்.

குருமூர்த்தி ஒன்றும் புரியாமல் பெரியம்மாவைப் பார்த்தான். இந்தப் பக்கமும் கோலம், அந்தப் பக்கமும் கோலம். "இப்ப என்ன பெரியம்மா பண்றது? எந்தப் பக்கத்த மேல வைக்கிறது?"

மருதாயி மெல்ல வந்து நாலு கல்லையும் சுற்றிப் பார்த்தாள். குனிந்து ஒரு வளைவின் மேல் விரலை வைத்து, அது போகும் வழியிலேயே தடவிக்கொண்டு போனாள். சின்ன வயதில் இரண்டு பேருமாகப் போட்ட கோலம் போலிருக்கிறது, எங்கே திரும்பும் எங்கே வளையும் என்று அவள் விரலுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இலக்கியாவைப் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் வச்சாலும் அவதானேடா இருக்கா" என்றாள். "இவளுக்கு அவளால ஒரு கெடுதலும் வராது. உங்க மனசு போல வையுங்க தம்பி."

சாமிதுரை எழுந்து மணலைப் பரப்பி மட்டம் பார்த்தார். கவிழ்த்த கல்லுக்கு இடம் வலம் மாறும் என்பது கொத்தனாருக்குத் தெரியும். இடது கல்லை வலதுக்கும், வலது கல்லை இடதுக்கும் மாற்றி, மண்ணில் அவள் போட்ட பக்கத்தை மேலே வைத்து நாலையும் பதித்தார். கலைந்து போன இடத்தையெல்லாம் கலைந்தபடியே விட்டார்.